கழுவிய முகம்

அந்த ஸ்டுடியோவில் 'முகம் கழுவுவது' என்று ஒரு வேலை உண்டு. அதற்குத் தண்ணீரும் வேண்டாம், சோப்பும் வேண்டாம். எடுத்த போட்டோவைக் கம்ப்யூட்டரில் பெரிதாகத் திறந்து வைத்துக்கொண்டு பருவை எடுக்க வேண்டும், தழும்பை எடுக்க வேண்டும், கண்ணுக்குக் கீழே இருக்கிற கருவளையத்தை எடுக்க வேண்டும், போதாக்குறைக்கு நிறத்தை இரண்டு படி ஏற்றவும் வேண்டும். பதினாறு வருஷமாக அதையே செய்துகொண்டிருந்தவனுக்கு 'டச்சப்' என்று பெயர் விழுந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி வாசலில் விசாரித்தால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்று முதலாளியே சொல்லிவிடுவார்.

பின்பக்கத்து அறை அவனுடையது. ஜன்னல் கிடையாது. நாற்காலியின் பஞ்சு பிதுங்கி, அதன் மேல் மடித்துப் போட்ட துண்டும் நைந்துவிட்டது. முன்பக்கம் எடுக்கிற படமெல்லாம் இவனிடம்தான் வந்து விழும். முதலாளிக்கு ஒரு பாட்டு உண்டு, நாளைக்கு நாலு தடவையாவது பாடிவிடுவார். "எடு, கழுவு, சின்னதாக்கு, ஏத்து, அழி." அதாவது படத்தைக் கழுவி, போனில் சட்டென்று திறக்கிற அளவுக்குச் சுருக்கி, இணையத்தில் ஏற்றி, வாடிக்கையாளருக்கு லிங்க் அனுப்பிவிட்டு, கேமராவிலிருந்து வந்த அசல் படத்தை அழித்துவிட வேண்டும். "பெருசு எதுக்குடா? இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கும். சின்னதுதான் ஊரெல்லாம் சுத்தப் போகுது" என்பார். யாரும் வந்து என் பழைய முகத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டதில்லை. கேட்பார்களா?

அவனுக்கு ஓர் அக்கா. ஏழு வயது மூத்தவள். உடம்பு வளர்ந்தது, அறிவு பள்ளிக்கூடத்து முதல் வகுப்போடு நின்றுவிட்டது. பேசுவாள், சிரிப்பாள், கோபித்துக்கொண்டு மூலையில் உட்காருவாள். வீட்டு விலாசம் கேட்டால் "எங்க வீடு" என்பாள், அவ்வளவுதான். பிறந்ததிலிருந்தே இடது கன்னத்தில் கருப்பாய் ஒரு மச்சம். மச்சம் என்றதும் பொட்டளவு என்று நினைத்துவிட வேண்டாம், உள்ளங்கையை வைத்தால்தான் மறையும். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவள் இவன் வீட்டிலேயே இருந்தாள். இவன் மனைவி தையல் கம்பெனியில் வேலை செய்பவள், வாய் கொஞ்சம் நீளம், ஆனால் 'அண்ணி' என்று கூப்பிடுகிற நாத்தனாருக்கு ஒருநாள் தவறாமல் தலை வாரிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள்.

அந்த மச்சத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. தெருவில் பேசுகிறவர்கள் போதாதா என்று வீட்டில் விட்டுவிட்டார்கள்.

கேமராவைக் கண்டால் அக்கா கையால் கன்னத்தைப் பொத்திக்கொள்வாள். ஒருநாள் எப்படியோ ஏமாற்றி ஒரு படம் எடுத்தான். ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய், மத்தியான இடைவேளையில் சாப்பிடாமல் உட்கார்ந்து, அந்த மச்சத்தைக் கழுவினான். கழுவினான் என்றால் சும்மா இல்லை, வலது கன்னத்தின் தோலை எடுத்து இடது கன்னத்தில் ஒட்டி, ஓரம் தெரியாமல் இழைத்து, ஒரு மணி நேரம் உழைத்தான். சாயங்காலம் போனில் காட்டியபோது அக்கா அதை வாங்கிக்கொண்டு தரவே மாட்டேன் என்றாள். தூங்கும்போதுகூடக் கையில் பிடித்திருந்தாள். அதற்கப்புறம் படம் எடுக்கிறேன் என்றால் போதும், தானாகவே வந்து நேராய் நிற்பாள். பாசத்தில் செய்தான். அதை இல்லையென்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

பழக்கம் தொழிலில் வந்தது, வீட்டுக்கும் வந்துவிட்டது. அக்காவின் ஒவ்வொரு படத்தையும் எடுத்தான், கழுவினான், சின்னதாக்கினான், சொந்தக்காரர்கள் இருக்கிற குரூப்பில் ஏற்றினான், அசலை அழித்தான். அத்தை, மாமா, சித்தி என்று எல்லார் போனிலும் அந்த முகம்தான். "நம்ம பிள்ளை மூக்கும் முழியுமா என்ன லட்சணம்" என்று சித்தி எழுதுவாள், பார்த்துப் பழகிய சித்தியே. பழைய காகிதப் படங்களைக்கூட ஸ்கேன் செய்து கழுவிவிட்டு, ஈரத்தில் ஒட்டிக்கொண்ட காகிதத்தைக் குப்பையில் போட்டான். அடையாள அட்டைக்குக் கொடுத்த படமும் கழுவியதுதான். கவுண்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்திப் பார்த்தால்தானே வித்தியாசம் தெரியும்?

ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா காணாமல் போனாள்.

தினமும் காலையில் தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிக்கொண்டு வருவாள். அது ஒன்றுதான் அவள் தனியாகச் செய்கிற காரியம், அதில் அவளுக்கு ஒரு பெருமை. அன்றைக்குக் குழாய் பதிக்கிறோம் என்று தெருவைத் தோண்டி, பலகையை நிறுத்தி வைத்திருந்தார்கள். வேலையாட்கள் "அந்தப் பக்கம் சுத்திப் போங்கம்மா" என்று கை காட்டியிருக்கிறார்கள். சுற்றிப் போனவள் திரும்பி வரவில்லை. மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரம்மா போன் செய்த பிறகுதான் இவனுக்குத் தெரியும்.  புருஷனும் பெண்டாட்டியும் தெருத் தெருவாக அலைந்து, போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள்.

அங்கேயே நின்றபடி அவன் போனை எடுத்தான். இந்த ஒரு வேலையாவது நமக்குத் தெரியுமே என்று நினைத்தான். இருக்கிற படங்களில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முகம் மட்டும் தெரிகிற மாதிரி வெட்டி, வெளிச்சத்தைச் சரிசெய்து, மெதுவான இணைப்பிலும் திறக்கிற அளவுக்குச் சுருக்கினான். கீழே உயரம், வயது, பச்சை நிற உடை, இரண்டு போன் நம்பர். நிமிஷத்தில் ஏற்றினான். கன்னத்து மச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. மறைக்க நினைத்தும் இல்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை.

படம் காட்டுத்தீ மாதிரி ஓடியது. மறுநாள் காலைக்குள் இருபதாயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள். "இவ்வளவு அழகான பெண்ணைத் தனியாக விடலாமா" என்று ஒருவர் புத்தி சொன்னார். "சீக்கிரம் கிடைக்க வேண்டும்" என்று ஆயிரம் பேர் கைகூப்பினார்கள். போன் ஓயாமல் அடித்தது. ஒவ்வொரு அழைப்புக்கும் ஓடிப் போனால் அங்கே நிற்பவள் வேறு யாரோ, சிவந்த முகத்தோடு, பச்சை உடையில்.

மூன்றாம் நாள் மனைவி அந்தப் படத்தைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தாள். ஏற்றியபோது அவள் பக்கத்தில்தான் இருந்தாள், அவளுக்கும் அப்போது உறைக்கவில்லை.

"ஏங்க, நாம யாரைத் தேடிக்கிட்டிருக்கோம்?"

"என்ன கேள்வி இது?"

"இந்தப் படத்தை மட்டும் வெச்சுத் தேடினா, அண்ணி எதிர்ல வந்து நின்னாலும் உங்களுக்கே அடையாளம் தெரியுமா?"

 அவன் ஸ்டுடியோவுக்கு ஓடினான், அவளும் பின்னாலேயே ஓடினாள். கம்ப்யூட்டரில் தேடினான், பழைய டிஸ்க்குகளில் தேடினான். ஒழுங்காக வேலை செய்பவன் அல்லவா, ஓர் அசல்கூட மிச்சம் வைக்காமல் அழித்திருந்தான். சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டான். எல்லாரிடமும் இருந்தது இவன் அனுப்பியது. மாமா மட்டும் ஒரு படம் தேடி அனுப்பினார். பழைய கல்யாணக் கூட்டம், கடைசி வரிசையில் அக்கா, கன்னத்தில் கை.

சரி, எடுத்தவனுக்கு வைக்கத் தெரியாதா என்று கழுவிய படத்தைத் திறந்து மச்சத்தை வரைய உட்கார்ந்தான். பிரஷ்ஷை எடுத்துக் கன்னத்தில் வைத்தான், கை அங்கேயே நின்றது. எங்கே ஆரம்பிக்கும்? கண்ணைத் தொடுமா, தொடாதா? எத்தனையோ பேருடைய பருவின் இடம்கூட அவனுக்கு நினைவிருக்கும். சொந்த அக்காவின் கன்னம் நினைவில் இல்லை. ஒரு வட்டம் போட்டான், அழித்தான். இன்னொன்று போட்டான்.

"அண்ணி இல்ல இது" என்றாள் பின்னால் நின்ற மனைவி. "மேல காதுகிட்ட வரைக்கும் போகும். அங்க முடி கொஞ்சம் வளர்ந்திருக்கும். கீழே தாடைகிட்ட ரெண்டாப் பிரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் தலை வாரிவிடறது யாரு?"

அவள் சொல்லச் சொல்ல அவன் வரைந்தான். வரையும்போதே அழுதான். வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. புதுப் படத்தை ஏற்றி, பழையதைத் தன் பக்கத்திலிருந்து எடுத்தான். எடுத்து என்ன பிரயோஜனம்? இருபதாயிரம் போனிலிருந்து எடுக்க முடியுமா? பழையது ஓடிக்கொண்டே இருந்தது, புதியதை யாரும் சீந்தவில்லை. பார்த்தவர்களில் பாதிப் பேர், இது மை பூசின பொய்ப் படம், உண்மையான படம் இதோ என்று பழையதைக் கீழே ஒட்டினார்கள். அந்த அளவுக்கு அவன் வேலை சுத்தம்.

எட்டாம் நாள் காலை ஒரு போன். நாலு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு பஸ் நிலையம். அங்கே டீக்கடை வைத்திருக்கிற அம்மா பேசினாள். "கன்னத்துல கருப்பா இருக்கிற படத்தை இன்னிக்குத்தான் பார்த்தேன் தம்பி. இவங்களை எனக்குத் தெரியும். நேர்ல வாங்க."

பஸ்ஸில் போகும்போது மனைவி மடியில் அக்காவின் மாற்று உடையும் சீப்பும் இருந்தன.  எட்டு நாளில் முதல் தடவையாக அவன் கொஞ்சம் சாப்பிட்டான்.

டீக்கடை அம்மா அவர்களைக் கண்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். ஓரமாய் இருந்த பெஞ்சைக் காட்டினாள். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏதோ பஸ்ல வந்து இறங்கினவங்க இங்கதான் உக்காந்திருந்தாங்க. மூணு நாள். டீயும் ரொட்டியும் நான்தான் கொடுத்தேன். பேரு என்னன்னு கேட்டா 'அக்கா'ன்னாங்க. ஊரு கேட்டா 'எங்க வீடு'ன்னாங்க. நான் என்ன பண்ணுவேன்?"

"இப்ப எங்க இருக்காங்க?" என்றாள் மனைவி.

டீக்கடை அம்மா இவன் பக்கம் திரும்பினாள். "உங்க முதல் படம் அவங்க வந்த மூணாம் நாள் ராத்திரி எனக்கு வந்துச்சு தம்பி. பச்சை உடைன்னு போட்டிருந்ததால எனக்குச் சந்தேகம். போனை அவங்க முகத்துப் பக்கத்துலயே பிடிச்சுப் பார்த்தேன். ஒத்துப் போகல. சரி, அவங்ககிட்டயே காட்டுவோம்னு காட்டினேன். பார்த்தவுடனே 'நான்தான்'னாங்க. 'எந்தம்பி எடுத்த படம்'னு போனைக் கையில வாங்கிக்கிட்டாங்க."

அவன் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"டீ குடிக்க வந்த டிரைவருங்க எல்லாம் எட்டிப் பார்த்தாங்க. நீயாம்மா இதுன்னு கேட்டுச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், பாவி. அவங்க விடாம நான்தான், நான்தான்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் காட்டினாங்க. கூட்டம் கூடுதேன்னு போனைப் பிடுங்கி உள்ள வெச்சுட்டேன். மறுநாள் காலைல கடை திறக்க வந்தா பெஞ்சு காலி. எந்த வண்டியில ஏறினாங்களோ, யாரும் பார்க்கல. நாலு நாள் ஆச்சு."

மனைவி உடைப் பையை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு, நின்றிருந்த பஸ்களை நோக்கி நடந்தாள். அங்கிருந்து இருபத்திரண்டு ஊர்களுக்கு வண்டி போகிறது என்று பலகையில் எழுதியிருந்தது.

"அவங்க சொன்னது நெசம்தானே தம்பி?" என்று டீக்கடை அம்மா மெதுவாகக் கேட்டாள். "அந்தப் படம் அவங்கதானா?"

"அவதாம்மா" என்றான். "அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பொய் சொன்னது நான்."

மனைவி அதற்குள் மூன்றாவது பஸ்ஸில் ஏறிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.