நடுப்புள்ளியில் நில்லாத கண்கள்

மனிதர் எதைப் பார்க்கிறார் என்று அளக்கும் தொழிலில் கருவி பழுதாவது அரிது. மனிதர்தாம் கருவிக்கு அடங்குவதில்லை.

ஓய்வு பெற்ற பின்னும் ஒரு வேலையில் மாட்டிக்கொண்ட நண்பர்களே, வீட்டில் நோயாளி ஒருவரை வைத்துக்கொண்டு நாளை எண்ணுகிறவர்களே, உங்களிடம் சொன்னால்தான் இது புரியும். சித்தூரில் முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்தேன். இப்போது வாரம் மும்முறை பேருந்தேறித் திருப்பதிக்குப் போகிறேன். கண்முன் இருப்பவற்றுள் மூளை எதை ஏற்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்கிறார்கள். நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தமிழர்களை அழைத்து வருவதும், செய்முறைக் குறிப்பை அவர்களுக்குப் பிழையின்றி வாசித்துக் காட்டுவதும் என் பணி.

ஆர்வத்தால் இதில் சேரவில்லை. என் கணவர் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். சென்ற ஆண்டு அவர் மூளையில் இரத்தம் உறைந்தது. கண்ணில் குறையில்லை; ஆனால் உலகின் இடப்பாதி அவர் மனத்துக்கு எட்டுவதில்லை. வலக்கன்னத்தை மட்டும் மழித்துவிட்டு, முடிந்தது என்று எழுந்துவிடுகிறார். இத்தகையவர்களுக்கு ஒரு பயிற்சியை அக்கூடம் உருவாக்கி வருகிறது. ஒப்பிடுவதற்கு முதலில் நலமாக உள்ள முதியோர் முப்பது பேரின் பதிவுகள் வேண்டும். முப்பது சேர்ந்தால் முதல் நோயாளி என் கணவர். நான் சேர்ந்தபோது பதினொன்று தேறியிருந்தன. கருவி பெங்களூரிலிருந்து இரவல் வந்தது. ஆண்டு முடிந்தால் திரும்பிப் போய்விடும்.

மணியோசை

சோதனை எளியது. திரையின் நடுவே ஒரு புள்ளி. அதிலேயே பார்வையை நிறுத்த வேண்டும். மெல்லிய மணியோசை கேட்டதும் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஓர் ஒளி மின்னி மறையும். கண்டால் பொத்தானை அழுத்த வேண்டும். புத்தூர்ப் பக்கத்து உழவர் ஒருவர் நன்றாகத் தலையாட்டிக்கொண்டு அமர்ந்தார். ஆனால் அவர் பொத்தானைத் தொடவே இல்லை. கண்ணைத் தொடரும் கருவியும் ஒளி வரும்போதெல்லாம் அவருடைய கருவிழியைத் தொலைத்தது. கதவைத் திறந்து பார்த்தோம். மணி ஒலிக்கும்போதெல்லாம் அவர் கண்ணை இறுக மூடிக் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

ஏன் ஐயா இப்படி என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மணி அடிக்க சொல்லோ கண்ணத் தொறந்துக்கினு நிக்க, நான் இன்னா சினிமா கொட்டாயிலயா கீறேன்?"

பதினொன்று

அதன் பிறகுதான் ஐயம் பிறந்து, பழைய பதிவுகளைத் தோண்டினார்கள். பலரும் அரை நொடியாவது கண் மூடியிருந்தார்கள். கோயிலில் மணிக்கணக்காக வரிசையில் நின்று, சந்நிதி வந்ததும் கண்ணை மூடிக்கொள்ளும் ஊர் இது; இதை முன்பே எண்ணிப் பார்க்காதது எங்கள் பிழை. மணிக்குப் பதிலாக வேறோர் ஒலியை வைத்தார்கள். எல்லாரையும் ஒரே ஒலியில்தான் சோதிக்க வேண்டுமாம். ஆய்வு மாணவி சைலஜா தெலுங்குப் பெண். எனக்காகத் தமிழில் பேசுவாள். அன்று என் முகத்தைப் பாராமல், கணினியைப் பார்த்தபடியே சொன்னாள்: "பதினொண்ணும் போச்சி, டீச்சர்காரு. மொதல்ல இருந்து ஸ்டார்ட் பண்ணணும்."

சந்தனம்

மூளையின் மின்னலைகளைப் பதிய, கம்பிகள் கோத்த தொப்பி ஒன்றைத் தலையில் மாட்டுவார்கள். அடர்ந்த முடி அதற்குப் பகை. திருப்பதியில் மொட்டைத் தலைக்கா பஞ்சம் என்று நான்தான் வழி சொன்னேன். மலையிலிருந்து இறங்கி வந்த நகரி அம்மையார் ஒருவரைப் பேருந்து நிலையத்தில் பேசிச் சம்மதிக்க வைத்து, வெற்றிப் பெருமிதத்துடன் அழைத்து வந்தேன். சைலஜா பஞ்சை நனைத்துக்கொண்டு வந்தாள். தலை முழுவதும் காய்ந்த சந்தனம். அதைத் துடைத்தால்தான் கம்பி தோலைத் தொடும்.

அம்மையார் இரு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டார். என் வீட்டு நிலைமையைச் சொன்னேன். அவர் கண் கலங்கியது; கை இறங்கவில்லை. "உன் வூட்டுக்காரருக்கு நல்லாவணும்னு நானும் வேண்டிக்கிறேன், டீச்சரம்மா. சந்தனத்துல மட்டும் கை வெக்காத, அது தானா உதிரணும்."

நான்கு தறி

நகரியில் விசைத்தறி ஓட்டி ஓய்ந்தவர் அடுத்து வந்தார். ஒரே ஆளாக நான்கு தறிகளைக் கவனித்தவர் என்பதால் எங்கள் நம்பிக்கை பெரிதாக இருந்தது. ஓசை புகாத அறையில் அமர்த்தினோம். மின்னிய ஒளிகளில் பாதியைக்கூட அவர் காணவில்லை. நலமானவர்தாமா என்று சைலஜாவுக்கே ஐயம் வந்துவிட்டது.

வெளியே வந்தவர் தேநீரை ஆற்றிக்கொண்டே விளக்கினார். "சத்தம் நின்னாதான் கண்ணு அந்தாண்ட போவும். நாலு ஓடிக்கினு கீது, ஒண்ணு நின்னுச்சின்னா திரும்புவேன். இங்க எதுவுமே ஓடலியே, டீச்சரம்மா, நான் எதைப் பாக்கறது?"

கடைசி நாள்

ஆண்டு முடிந்தபோது தேறியவை பத்தொன்பது. ஆய்வுக்கூடத் தலைவர் வருத்தம் தெரிவித்தார், வருத்தம் மெய்யானதுதான். கருவியைப் பெட்டியில் அடைப்பதற்கு முன் ஒரேயொரு முறை என் கணவரை அமர்த்திப் பார்க்கச் சைலஜா இசைந்தாள். பயிற்சிக்காக அல்ல, நிலை என்ன என்று அறிவதற்கு மட்டும். அவரைப் பக்கத்து வீட்டார் காரில் முன்னதாக அனுப்பிவிட்டு நான் பேருந்தில் வந்து சேர்வதற்குள், சைலஜாவே குறிப்பை வாசித்து முடித்திருந்தாள்; அவருடைய இடப்புறம் நாற்காலி போட்டு அமர்ந்தேன். சோதனை முடியும்வரை நான் பேசக்கூடாது என்பது விதி.

வலப்பக்க ஒளிகளில் ஒன்றையும் அவர் தவறவிடவில்லை. சாலையில் ஓட்டியவரின் கை, உடனுக்குடன் அழுத்தியது. இடப்பக்கம் எத்தனை மின்னியும் விரல் அசையவில்லை. முடிந்ததும் சைலஜா அவருக்கு வலப்புறம் வந்து குனிந்து, களைப்பாக இருக்கிறதா என்று கேட்டாள். அவர் இல்லை என்று தலையசைத்துவிட்டு, அறையின் வலப்பக்கத்தை ஒரு முறை நோட்டம் விட்டார்.

"எங்கூட்டு டீச்சரம்மா இன்னும் வர்லியாம்மா? பஸ் லேட்டு போலக்கீது."

மூளை, பார்வை, கவனம் ஆகியவற்றைக் குறித்து இவ்வோராண்டில் கற்றதை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொன்னால், நாற்காலியை எப்போதும் வலப்பக்கம் போட்டுக்கொள்ள வேண்டும் என்றே எழுதுவேன்.