கேட்காமல் அடுக்கிவைத்த எக்ஸ்டென்ஷன்

இன்று பாலகாட்டில் உள்ள சர்ச்சில் என் தம்பி பேத்திக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய்.

கூட்டிப்போக வேண்டிய என் பேத்தி ஸ்டெல்லா, புறப்படும்போது லேப்டாப்போடு உட்கார்ந்துவிட்டாள்.

புரோகிராமில் ஒரே வரியைத்தான் திருத்தினாளாம். சேவ் செய்ததும், ஏதோ எக்ஸ்டென்ஷன் என்கிற துணைப் புரோகிராம், ஃபைல் முழுக்க அடைப்புக்குறிகளை இடம் மாற்றி அடுக்கிவிட்டதாம். எது திருத்தம் என்றே தெரியவில்லை என்று ஆபீசில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"இன்னாடி, அத யாரு அடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல ஆயா. அழகா இருக்கட்டும்னு அதுவே பண்ணுது."

நான் பிரசவத்துக்குப் போனபோது நாத்தனார் ரோஸியும் இப்படித்தான் என் சமையலறையை அடுக்கினாள். உப்பு டப்பாவை மூன்று நாள் தேடினேன்.

எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டு ஸ்டெல்லா கிளம்பினாள். போய்ச் சேர்ந்தால் ஞானஸ்நானம் முடிந்திருந்தது. எனக்குப் பதிலாகக் குழந்தையை ஏந்தி நின்றவள் அதே ரோஸி.

அந்த எக்ஸ்டென்ஷனை நிறுத்தத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ரோஸியை நான் பார்த்துக்கொள்கிறேன்.