இடது கைக்குக் கூட்டிய கண்ணிகள்

எனக்கு வயது எண்பத்தொன்று. வளர்த்தது ஐந்து பேரை. நாலு நான் பெற்றது. ஐந்தாவது என் தங்கை. அவளுக்குத்தான் இந்த முதல் வருஷத் திதி. திதிக்கு வந்து கூடும் உங்களுக்கு வாசித்துக் காட்ட இதை எழுதுகிறேன்.

லால்குடிப் பக்கம் பிறந்தாள். நாலு வயதில் அம்மா போனாள். கல்யாணமாகி நான் தில்லிக்கு ரயிலேறியபோது அவளையும் கூட்டி வந்தேன். இரண்டாம் வகுப்போடு நின்ற நான் அவளைப் படிக்கவைத்து டைப்பிஸ்ட் வேலைக்கு அனுப்பினேன். சின்ன வயதில் கணவரை இழந்தாள். ஒரே மகனை ஆளாக்கினாள். யாரிடமும் கை நீட்டவில்லை.

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் புல்வெளியில், குளிர்கால வெயிலில், பஞ்சாபிப் பெண்களிடம் ஸ்வெட்டர் பின்னப் பழகினோம். ஸ்வெட்டரின் கையைப் பின்னும்போது, மணிக்கட்டிலிருந்து தோளுக்குப் போகப் போக அது அகலமாவதற்கு, ஊசியில் விழும் நூல் வளையத்தை, அதாவது கண்ணியை, கூட்ட வேண்டும். ஊசியில் நூலைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றினாலும் கூடும், ஆனால் ஓட்டை விழும். ஒரே கண்ணியில் இரண்டு தரம் பின்னினால் முடிச்சு தெரியும். என் தங்கை இரண்டு கண்ணிக்கு நடுவில் கிடக்கும் நூலைத் தூக்கி, முறுக்கிப் பின்னுவாள். கூட்டின இடம் தெரியாது.

மார்பில் ஆபரேஷன் ஆன பிறகு தனக்கென்று ஒரு ஸ்வெட்டர் போட்டாள். ஆறு வரிசைக்கு ஒரு தரம் கூட்டுவது எங்கள் வழக்கம். இடது கைக்கு மட்டும் இரண்டு வரிசைக்கு ஒரு தரம் கூட்டியிருந்தாள். அவள் கண்ணயர்ந்தபோது நான் பிரித்துவிட்டேன்.

"பிரிச்சிட்டியா அக்கா?"

"பின்னே? ஒரு கை உனக்கு, ஒரு கை பயில்வானுக்காடி?"

சிரித்தாள். சால்வையை இழுத்து மூடிக்கொண்டாள். "சரி, நீயே போட்டுக் குடு."

அவளுக்கு எண்ணிக்கை மறந்துபோச்சு, புத்தி தடுமாறுது என்று உங்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னேன். நீங்களும் வந்து அவளிடம் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினீர்கள். அவள் பொறுத்துக்கொண்டாள்.

முடித்து மாட்டினேன். இடது கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. சால்வையை விலக்கிப் பார்த்தேன். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கை, தூண் மாதிரி வீங்கியிருந்தது.

"ஏன்டி சொல்லலை?"

"சொன்னா நீ தூங்க மாட்டே."

மறுபடி பிரித்து, அவள் கணக்குப்படியே கூட்டிக்கொண்டு போனேன். தோளை எட்டுவதற்குள், அந்தக் குளிரிலேயே, போய்விட்டாள். உங்களிடம் திருத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வளர்த்தவள் என்ற கர்வம். இந்த ஒரு வருஷமாக உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. அந்தக் கையைப் பின்னுகிறேன், பிரிக்கிறேன்.

அவளுக்கு எண்ணிக்கை தப்பவில்லை. தப்பு என்னுடையது.

தினமும் கட்டு மாற்றிய நர்ஸ் பெண்ணுக்கும், கஞ்சி அனுப்பிய மாடி வீட்டாருக்கும், தாயைத் தூக்கித் தூக்கி உட்காரவைத்த அவள் மகனுக்கும் என் கும்பிடு.

பேத்தி மீனு, இங்கே வா. திதிக்கு வருகிறவர்கள் முன் இந்தத் தாளை நீதான் வாசிக்க வேண்டும். ஜல்தி வேண்டாம், தமிழ் உனக்குப் புதுசு, எழுத்துக் கூட்டியே படி. எண்ணிக்கை தப்பவில்லை என்று எழுதினேனே, அந்த வரி என் எழுத்தில் சரியாக விழுந்திருக்கிறதா? அதை முதலில் வாசி. சத்தமாக.