ராஜாமணி சிஸ்டரிடம் பஸ்ஸில் சொல்லாதது

ராஜாமணி சிஸ்டர் போய்விட்டார். இன்று காலை, துறையூரில், தம்பி மகள் வீட்டில். தூக்கத்திலேயே...

எங்களோடு வேலை பார்த்த நர்ஸ் வசந்தாதான் போனில் சொன்னாள்.

இங்கே இருக்கும் நண்பர்கள் பலருக்கு அவரைத் தெரியாது. நான் வேலை பார்த்து ரிட்டயர் ஆன சுகாதாரத் தொண்டு நிறுவனத்தைத் தெரியும். அதை ஆரம்பித்தவர் அவர்.

எழுபதுகளின் கடைசி. எறையூரில் ஒரே ஒரு ஓட்டு அறை, ஒரே ஒரு நர்ஸ், அது அவர்தான். மருந்துப் பெட்டி தூக்க, டிகிரி முடித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த நான்.

கரும்பு வெட்டு நேரம். சர்க்கரை ஆலைக்கு வெளியே மாட்டு வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. ஒரு வண்டிக்காரரின் மனைவிக்கு அங்கேயே பிரசவ வலி. வண்டியை வெளியே எடுக்க யாரும் வழி விடவில்லை. வரிசையில் இடம் போய்விடுமே...

சிஸ்டர் நடுரோட்டில் நின்று கத்தினார். "கரும்பு காஞ்சா எடை கொறையும், அவ்ளோதான். இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னய்யா பண்ணுவீங்க? மாட்டப் புடிங்க!"

வரிசை கலைந்தது. பெண் குழந்தை பிறந்தது. யார் முன்னால், யார் பின்னால் என்று சாயங்காலம் வரை வண்டிக்காரர்கள் சண்டை. அந்தப் பஞ்சாயத்தையும் சிஸ்டரே போய்த் தீர்த்து வைத்தார்.

எதற்கும் அவரே போவார். அதுதான் ராஜாமணி சிஸ்டர்.

ரஞ்சன்குடி, மீன்சுருட்டி என்று எண்பதுகளில் சென்டர்கள் கூடிக்கொண்டே போயின. புது நர்ஸ்கள் வந்தார்கள். ஆனால் எல்லா மருந்து பீரோ சாவியும் சிஸ்டர் இடுப்பில்தான். யாருக்கு லீவு, எந்த ஊருக்கு எந்த மருந்து, எல்லாம் அவர் வாயால் வர வேண்டும். பஸ் மாறி பஸ் மாறி ஓடிக்கொண்டே இருப்பார். யார் என்ன கேட்டாலும், "நான் பாத்துக்கிறேன், நீ போ."

ஒரு மழைக்காலம். மீன்சுருட்டி சென்டருக்கு ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார்கள். வயிற்றுப்போக்கு, கண் செருகிவிட்டது. அங்கே நர்ஸாக இருந்தவள் இந்த வசந்தா. டிரிப் ஏற்ற அவளுக்குத் தெரியும். சலைன் பாட்டில் பீரோவுக்குள். சாவி எறையூரில்.

பூட்டை உடைக்கப் பயம். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, யாரோ ஒருவருடைய டிராக்டரில் ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. சேதி தெரிந்ததும் சிஸ்டர் ஜெயங்கொண்டம் போய், அது கஞ்சி குடிக்கும் வரை கட்டில் பக்கத்திலேயே இருந்தார்.

அடுத்த வாரம் அரியலூரில் மீட்டிங். எங்கள் நிறுவனத்தின் கமிட்டித் தலைவரான டாக்டர் திருச்சியிலிருந்து வருகிறார். நானும் சிஸ்டரும் பெரம்பலூரிலிருந்து ஒரே பஸ், ஒரே சீட். டிக்கெட் அவர்தான் எடுத்தார். எலுமிச்சை சாதம் கொடுத்தார்.

"அந்தப் புள்ள மொகம் கண்ணுலயே நிக்குது ராசு" என்றார். கொஞ்சம் கழித்து, "என்ன, ஒரு மாதிரியா வர?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

மீட்டிங்கில் என்ன பேசப்போகிறேன் என்று எனக்கு அப்போதே தெரியும். அரியலூர் வரை ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

அங்கே எழுந்து நின்று சொன்னேன். "அந்தந்த சென்டர் சாவி அங்கயே இருக்கணும் டாக்டர். இத்தன ஊர ஒரே ஆளு பாக்க முடியாது. ஊருக்கு ஒரு பொறுப்பாளர் போடணும்."

டாக்டர் மற்றவர்களைப் பார்த்தார். ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். வசந்தா தலையைக் குனிந்துகொண்டே தூக்கினாள்.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "பஸ்லயே சொல்லிருக்கலாம்ல ராசு... நானே எந்திரிச்சு சொல்லிருப்பேனே."

சாவிக் கொத்தை அவிழ்த்து ஜமக்காளத்தின் மேல் வைத்தார். அன்றைக்கே என்னை ஒருங்கிணைப்பாளராகப் போட்டார்கள்.

அதற்குப் பிறகு நர்ஸ்கள் தாங்களே முடிவெடுத்தார்கள். புதிதாக வருபவர்களுக்கு அவர்களே டிரெய்னிங் கொடுத்தார்கள். நான் சொன்னது சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்த பஸ்...

சிஸ்டர் சாதாரண நர்ஸாக ரஞ்சன்குடிக்குப் போனார். அங்கே போட்டது நான்தான். ஒருநாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"சார், அம்மாவப் பாக்க வூட்டுக்குப் போவணும். லீவு வேணும்."

"என்னைப் போயி சார்னுகிட்டு... என்கிட்ட கேக்கணுமா சிஸ்டர்?"

"எல்லாருக்கும் ஒரே ரூல்தான சார். அப்பதான நல்லாருக்கும்."

அந்தப் பேச்சில் எங்காவது குத்தல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பின்னாளில் டெல்லி, பெங்களூர் என்று எத்தனையோ ஊர்களில் பேசியிருக்கிறேன், ஒரு சின்ன நிறுவனம் பெரிதாக வளர்வது எப்படி என்று. மீன்சுருட்டிக் கதையைத்தான் சொல்வேன். "ஒரு நர்ஸ் எல்லா சாவியையும் தன் இடுப்பிலேயே வச்சிருந்தாங்க..." என்று ஆரம்பிப்பேன். சிரிப்பார்கள். கடைசியில் கை தட்டுவார்கள்.

பெயர் சொன்னதில்லை. கரும்பு வண்டிக் கதையைச் சொன்னதே இல்லை.

ரிட்டயர் ஆனதும் துறையூர் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். போய் என்ன பேசுவது என்று தெரியாமல் தள்ளிப் போட்டேன். தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன்...

நாளை காலை அடக்கம். வசந்தா கிளம்பிவிட்டாள். நானும் சென்னையிலிருந்து கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.

அங்கே அவருடைய சொந்தக்காரர்கள் யாருக்கும் என்னைத் தெரியாது. "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்பார்கள்.

வரேன் சிஸ்டர்.