நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டபிறகு

பனியன் கம்பெனி வேலைக்காகத் தூத்துக்குடிப் பக்கமிருந்து எங்கள் தெருவுக்குக் குடிவந்திருக்கும் பெண், இன்று காலை மகளோடு என் வாசலில் நின்றார்.

"அண்ணாச்சி, இந்தக் கவர்மெண்டு பள்ளிக்கூடம் எப்படி? நம்பிச் சேக்கலாமா?"

என்னிடம் யாரும் கருத்துக் கேட்டு வெகுநாளாயிற்று. விரிவாகவே சொன்னேன்.

"அஞ்சு வகுப்புக்கு ரெண்டே டீச்சருங்க. ஆனா நல்லாச் சொல்லித் தர்றாங்க. கக்கூஸ்தான் மோசமுங்க."

"அது கெடக்கட்டும். நாலு மணிக்கு விட்ருவாங்க. எங்களுக்கு ஒன்றரை ஷிப்ட்டு, வர எட்டரை ஆயிரும். அதுவரைக்கும் புள்ளைய யாரு பாத்துக்கிடுவா?"

"இங்க இருக்கட்டுங்க. நான் ஊட்டுலதான் இருக்கறேன்."

அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "அக்கா இல்லையா?"

"நான் மட்டுந்தானுங்க."

"சரி அண்ணாச்சி" என்று மகளைக் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். நான் பல வருடங்களாகப் பேசாத வீடு. அந்த வீட்டம்மா உடனே சம்மதித்துவிட்டார். சிரிப்புச் சத்தம் இங்கே வரை கேட்டது.

பெண் குழந்தை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். அதனால் கோபம் குறைந்துவிடவில்லை.

இதைப் படிக்கிறவர்களே, உங்கள் தெருப் பள்ளிக்கூடம் எப்படி? கீழே எழுதுங்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.