சிவப்பு விளக்கை அணைத்த நாள்

எங்கள் படகு முதன்முதலாகக் களப்பில் இறங்கிய அன்று துறையில் இருந்தவர்கள் அப்பா, மாமா, சம்மாட்டியார், அப்பாவோடு தொழிலுக்குப் போகிற ஆறு பேர், பிறகு நான். அம்மா வீட்டில் கோழி உரித்துக்கொண்டிருந்தா. படகை ஆசீர்வதிக்க வருவதாகச் சொன்ன பாதர் பிந்திவிட்டார். அவர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது ஆசீர்வதிக்க வேண்டிய படகு நடுக் களப்பில் ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தது. அதை ஏற்றி வந்த பிக்கப் பாதி உடம்பு தண்ணீருக்குள் நின்றது. எதற்கு முதலில் தண்ணீர் தெளிப்பது என்று அவர் யோசித்திருக்க வேண்டும்.

மாமி வரவில்லை. அதுதான் இந்தக் கதையில் முக்கியம்.

மாமி அப்பாவின் தங்கை. போரில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்த ஒருவரைக் கட்டிக்கொண்டா. அவர்தான் மாமா, உருத்திரபுரத்துக் கமக்காரர். அவருடைய பாட்டன் மலையகத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்கு வந்தவராம். நாங்கள் வேதக்காரர், அவர் சைவம். நாங்கள் கடல், அவர் வயல். இதில் எந்தக் காரணம் பெரியது என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. யாராவது கேட்டால் கோபம் ஒன்றும் இல்லை, கதை இல்லை, அவ்வளவுதான் என்பார். அந்தக் கதையில்லாமை ஆறு வருடம் நீண்டது.

அப்பா அதுவரை சம்மாட்டியாரின் படகில் பங்குக்குப் போனவர். சீட்டுக் காசும் அம்மாவின் காப்பும் சேர்ந்துதான் எங்களுக்கென்று ஒரு படகு கிளிநொச்சிப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் உருவாகி முடிந்தது. அதை ஏற்றி வர வாகனக்காரர்கள் கேட்ட வாடகை அப்பாவுக்குக் கட்டுப்படியாகவில்லை. அப்போதுதான் அம்மா சொன்னா:

"உங்கட தங்கச்சியின்ர மனுசனிட்டப் பிக்கப் இருக்கு. நெடுக மரக்கறி ஏத்துறார். ஒருக்காக் கேட்டால் குறைஞ்சு போவியளோ?"

அப்பா மூன்று நாள் குறையாமல் இருந்து பார்த்தார். நாலாம் நாள் போன் எடுத்தார். மாமா சொன்னது ஒரு சொல்தானாம்: "வாறன்." மாமி அம்மாவிடம் தனியாகக் கதைத்தா. தான் இப்போது வரப்போவதில்லை என்றும், முதலில் அவர் போகட்டும், அவருக்கு எங்கள் வீட்டில் உட்காரக் கதிரை கொடுக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்றும் சொன்னாவாம். இதை அம்மா அப்பாவிடம் சொல்லவில்லை. என் காதில் விழுந்தது.

நான் அப்போது தரம் நான்கு. எங்கள் வீட்டில் தரம் மூன்றைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆகவே மருந்துப் போத்தலில் எழுதியிருப்பது முதல் கூட்டுறவுச் சங்கக் கடிதம் வரை என்னைத்தான் வாசிக்கச் சொல்வார்கள். எழுத்தும் குறியும் என் பொறுப்பு என்று நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கைதான் பிறகு பிழையாகிப்போனது.

இரண்டு நாளைக்கு முன் சிப்பி வெட்டிப் பாதத்தில் மூன்று தையல் போட்டிருந்ததால் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை. தண்ணீர் படக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதனால் படகு எடுக்கப் போன பிக்கப்பில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் எனக்கு இடம் கிடைத்தது. வரும் வழி முழுக்க இருவரும் நாலு விஷயம்தான் கதைத்தார்கள்: வீதி, மழை, நெல் விலை, இறால் விலை. மிச்ச நேரம் நான் கைப்பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. மாமா வாகனத்தை நிறுத்தி அந்தப் பிடியை மேலே இழுத்தால் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு பற்றும். நுனியில் இருக்கிற பொத்தானை அமத்திக் கீழே விட்டால் விளக்கு அணையும். பிறகு வாகனம் புறப்படும். படகுக் கட்டு இறுக்க, தேத்தண்ணி குடிக்க, மாடு போக என்று ஏழு தடவை நிறுத்தினார். ஏழு தடவையும் பார்த்தேன்.

எங்கள் கரையில் படகு இறக்குவதற்கு வாகனம் தேவைப்பட்டதில்லை. பனங்குற்றியில் சீவிய உருளைகளை மணலில் அடுக்கி, அதன்மேல் படகை ஏற்றி, ஆட்கள் தோள் கொடுத்துத் தள்ளுவார்கள். ஆகவே பிக்கப் துறைக்கு வந்ததும் சம்மாட்டியார் உருளைகளை எடுத்துவரச் சொல்லிவிட்டார். மாமா மெதுவாக மறுத்தார். சீமெந்துச் சரிவு இருக்கிறதுதானே, ட்ரெய்லரோடு பின்னுக்குத் தண்ணீருக்குள் விட்டால் படகு தானாகவே மிதக்கும், ஒருவரும் முதுகை முறிக்கத் தேவையில்லை என்றார். முதுகை முறித்தே பழகிய ஏழு பேருக்கும் அது நல்ல செய்தியாகப் படவில்லை.

ஆனால் மாமா வாகனத்தைப் பின்னுக்கு எடுத்த விதம் எல்லோருடைய வாயையும் கொஞ்ச நேரம் அடைத்தது. நூல் பிடித்ததுபோல ட்ரெய்லர் சரிவில் இறங்கி, அதன் சில்லுகள் தண்ணீருக்குள் மறைந்தன. மாமா நிறுத்தினார். கைப்பிரேக்கை இழுத்தார். கால்பிரேக்கில் இருந்த காலை எடுக்கவில்லை. சரிவில் கைப்பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது, பிக்கப்பின் பின் சில்லுகளுக்கு இரண்டு கல் வையுங்கோ என்று ஜன்னலால் கேட்டார்.

எங்கள் கரையில் கல் கிடையாது. மணல் உண்டு, சிப்பி உண்டு. ஒருவர் ஓடிப்போய்க் கையில் அகப்பட்ட இரண்டு மரக்குற்றிகளைக் கொண்டுவந்து சில்லுகளுக்குக் கீழே செருகினார். அவை படகு உருளைகள். உருளுவதற்கென்றே சீவப்பட்ட கட்டைகளால் ஒரு வாகனத்தை உருளாமல் நிறுத்தலாம் என்று நினைக்க எங்கள் ஆட்களால் மட்டும்தான் முடியும். மாமா கண்ணாடியில் அவற்றைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு முதன்முதல் வந்த இடம் என்று நினைத்திருப்பார், சொல்லவில்லை.

படகு தானாக மிதக்கவில்லை. அதன் முன்பக்கம் ட்ரெய்லர் சட்டத்தில் இன்னும் உட்கார்ந்திருந்தது. ஒரு தள்ளுத் தள்ளினால் போதும். ஆட்கள் இரண்டு பக்கமும் இறங்கினார்கள். அப்போதுதான் சம்மாட்டியார் அப்பாவைப் பார்த்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"கமக்காரர் தேர் பாக்க வந்தவர் மாதிரி ஏறிக் குந்தியிருக்கிறார். எங்கட கரையில வள்ளம் இறங்கேக்க ஆம்பிளை ஒருத்தன் குந்தியிருந்து நான் காணேல்லை."

அது உண்மைதான். ஒரு படகு இறங்குகிறது என்றால் வீதியால் சைக்கிளில் போகிறவர்கூட இறங்கி வந்து அதில் ஒரு கை வைத்துவிட்டுத்தான் போவார். ஆள் தேவையோ இல்லையோ, வைக்க வேண்டும். வைக்காதவர் இந்தக் கரை ஆள் இல்லை.

ஆட்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. மாமாவுக்காக ஒரு சொல் கதைக்கவும் இல்லை. வெறுமனே பிக்கப் பக்கம் பார்த்தார். மாமா அந்தப் பார்வையைப் பார்த்தார்.

அவர் கைப்பிரேக்கை இன்னும் இரண்டு பல் மேலே இழுத்தார். காலை மெல்ல மெல்ல எடுத்துப் பார்த்தார். வாகனம் அசையவில்லை. பற்றரி சரியில்லாததால் என்ஜினை நிறுத்தாமல் நியூட்ரலில் விட்டார். என்னிடம் திரும்பி, "மருமோன், நீங்கள் இறங்க வேண்டாம், காலில தண்ணி படும். ஒண்டையும் தொடாதேங்கோ" என்றார். ஒருவர் என்னை மருமோன் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு காற்சட்டையை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போனார். கண்ணாடியில் பார்த்தேன். அப்பா ஓரடி நகர்ந்து தனக்குப் பக்கத்தில் இடம் விட்டார். மாமா அந்த இடத்தில் தோளை வைத்தார். ஆறு வருடத்தில் அவர்கள் அவ்வளவு கிட்ட நின்றதில்லை.

நான் முன்னால் திரும்பினேன். சிவப்பு விளக்கு பற்றிக்கொண்டிருந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அப்போதெல்லாம் மாதத்துக்கு ஒருமுறை ஆட்கள் வந்து மிதிவெடி பற்றிப் பாடம் எடுப்பார்கள். சிவப்புப் பலகை கண்டால் ஆபத்து. தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவரிடம் சொல். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். எங்கள் வீட்டு வளவுக்குப் பின்னாலேயே அப்படி ஒரு பலகை இரண்டு வருடம் நின்றது. சிவப்பு என்றால் என்ன என்று எனக்கு ஒருவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

விதிப்படி முதலில் பெரியவரிடம் சொன்னேன். ஜன்னலால் தலையை நீட்டி, "மாமா, சிவப்புப் பத்துது" என்று இரண்டு தரம் கத்தினேன். அவர்கள் ஏலேலோ போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் கேட்கவில்லை. அப்பா, மாமா, எங்கள் படகு எல்லாம் ஒரே இடத்தில் இருக்க, இங்கே ஆபத்து என்று ஒரு விளக்கு எரிகிறது. அதை அறிந்தவன் நான் ஒருவன். அணைக்கத் தெரிந்தவனும் நான்தான்.

பிடியை இரண்டு கையாலும் பிடித்தேன். பொத்தான் அமரவில்லை. கொஞ்சம் மேலே இழுத்து அமத்தினேன். பிடி கீழே போனது. விளக்கு அணைந்தது. அந்த ஒரு நொடி எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது.

பிறகு உருளைகள் தங்கள் வேலையைச் செய்தன. பிக்கப் பின்னுக்குப் போனது. ஆட்கள் இரண்டு பக்கமும் பாய்ந்தார்கள். அப்பா விழுந்தார், ட்ரெய்லர் சில்லு அவருடைய முழங்காலுக்குக் கீழே தோலை உரித்துக்கொண்டு போனது. இன்னும் அரை அடி இந்தப் பக்கம் விழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாரும் கதைப்பதில்லை, நானும் எழுதவில்லை. படகு மட்டும் மிக அழகாக இறங்கியது. மாமா சொன்னபடியே தானாகவே மிதந்து போனது.

ட்ரெய்லர் சேற்றில் புதைந்து வாகனம் நின்றபோது தண்ணீர் என் இடுப்பளவு ஏறியிருந்தது. என்ஜின் நின்றுவிட்டது. முதலில் வந்தவர் மாமா. அவருக்கு நீந்தத் தெரியாது என்று பிறகுதான் அறிந்தேன். கதவு திறபடவில்லை. ஜன்னலால் உள்ளே குனிந்து என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீருக்குள் தெரிந்த பிடியைப் பார்த்தார். கையை விட்டு முதலில் அதைத்தான் மேலே இழுத்தார். அதற்குப் பிறகுதான் என்னைத் தூக்கினார். நின்றுபோன வாகனத்துக்கு இனி என்ன பிரேக் என்று நினைத்தேன். கமக்காரர் பதறிவிட்டார் என்றும் நினைத்தேன்.

"மாமா, நான்தான்…" என்று தொடங்கினேன்.

"வாயை மூடுங்கோ, தண்ணி போகும்" என்றார்.

தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது.

கரையில் விசாரணை நடந்தது. வயல் வரம்பில் ஓடுகிற வாகனத்துக்குப் பிரேக் எதற்கு என்று விட்டிருப்பார் என்றார் சம்மாட்டியார். மாமா ஓம் என்றார். கைப்பிரேக் கேபிள் தளர்ந்து போயிருக்கும், தான்தான் பார்த்திருக்க வேண்டும் என்றார். அப்பா காலைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். தண்ணீரை விட்டு வெளியே வந்த பிறகும்.

டிரக்டர் ஒன்று வந்து கயிறு கட்டி இழுத்தது. பிக்கப்பின் பின் சில்லுகள் சுற்றவில்லை. சரிவில் இருந்த பாசியை இரண்டு கோடாகச் சுரண்டிக்கொண்டு வந்தன. டிரக்டர்காரர் நிறுத்தி, கைப்பிரேக்கை எடுங்கோ என்று கத்தினார். அப்பாதான் கிட்ட நின்றவர். உள்ளே குனிந்து பிடியைக் கீழே விட்டார். விட்ட கையை உடனே எடுக்கவில்லை. பாசியில் கிடந்த இரண்டு கோட்டையும் பார்த்தார், திரும்பி என்னைப் பார்த்தார். நனைந்த கால்கட்டுக்காக ஏசப்போகிறார் என்று பயந்தேன். ஏசவில்லை.

வீட்டில் அம்மா கதிரை எடுத்துப் போட்டா. தன் உடுப்பு ஈரம், பரவாயில்லை, நிற்கிறேன் என்றார் மாமா. அப்பா கதிரையைத் தன் கையால் இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினார்.

"இருங்கோ மச்சான். கதிரை நனைஞ்சால் காயும்."

மச்சான் என்ற சொல்லை அப்பா வாயால் கேட்டதும் அதுதான் முதல் தடவை.

பிக்கப் மூன்று கிழமை பரந்தனில் ஒரு கராஜில் கிடந்தது. அந்த மூன்று கிழமையும் மாமா மரக்கறியை வாடகை வாகனத்தில் ஏற்றினார். இரண்டு மாதம் கழித்து அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு உருத்திரபுரத்துக்குப் போனார். மாமி வாசலிலேயே அழுதா, பிறகு எனக்கு வடை தந்தா. அப்பா வாகனம் திருத்திய காசைக் கொடுத்தபோது மாமா பாதியை எடுத்துத் திருப்பி நீட்டினார். கேபிள் தன்னுடைய பிழை என்றார்.

"அது நல்ல கேபிள், மச்சான்" என்றார் அப்பா.

மாமா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு காசு முழுவதையும் வாங்கி மாமியிடம் கொடுத்துவிட்டு, என் கால் ஆறிவிட்டதா என்று கேட்டார். நான் ஓம் என்றேன். வாகனம் பற்றி ஒன்றும் தெரியாத அப்பா கேபிளைப் பற்றிக் கதைக்கிறாரே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு இரண்டாவது வடையை எடுத்தேன்.

வவுனியாவில் படிக்கப் போன இரண்டாம் வருடம் வாகனம் பழகினேன். முதல் நாள் கைப்பிரேக்கை இழுக்கச் சொன்னார்கள். சிவப்பு விளக்கு பற்றியது. இறுக்கிப் போட்டிருக்கிறது, பயமில்லை என்பதற்குத்தான் அந்த விளக்கு என்றார்கள். போட்டபடி ஓட்டக்கூடாது என்பதற்கும்தானாம். பிரேக் போட்ட சில்லு சுற்றாது என்றும் சொன்னார்கள். பாசியில் கிடந்த இரண்டு கோடு எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அப்படிச் சுரண்டிக்கொண்டு வந்த சில்லின் கேபிள் எப்படித் தளர்ந்ததாக இருக்கும்? மாமா ஜன்னலில் குனிந்தபோதே அறிந்திருந்தார். அப்பா பிடியைக் கீழே விட்டபோது அறிந்துகொண்டார். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. அத்தனை வருடமும் அதை ரகசியமென்று காப்பாற்றிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

இப்போது அந்தச் சரிவில் படகை ஏற்றும்போதும் இறக்கும்போதும் நான்தான் வாகனம் விடுகிறேன். கைப்பிரேக் போட்டு, என்ஜினை நிறுத்தி, கியரில் விட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோகிற இரண்டு சீமெந்துக் கல்லைச் சில்லுக்குக் கீழே நானே வைத்து, வாகனத்துக்குள் ஒருவரும் இல்லை என்று பார்த்த பிறகுதான் படகில் கை வைக்கப் போவேன். சம்மாட்டியார் இன்னும் சிரிக்கிறார்.

கராஜ் கூலி, ஸ்டார்ட்டர், வயரிங், சீற், டிரக்டர் வாடகை எல்லாம் சேர்த்து அன்று உருத்திரபுரத்தில் அப்பா கொடுத்தது எழுபத்தெட்டாயிரத்து அறுநூறு ரூபா.