குணசுந்தரியோட சொந்தக் கலரு

எங்க ஊட்டு முன்ரூம்ல குடியிருக்கிறவ விக்டோரியா. கும்முடிப்பூண்டி சிப்காட்ல அட்டப்பொட்டிக்கு பிரிண்ட் அடிக்கிற கம்பெனியில ஆறு வருசம் கலர் செக்கிங் பாத்தா. கம்பெனிய மூடிட்டானுங்க. குந்தி அழுதுகினு இருக்கல அவ. கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கிப்போட்டு ஊட்லயே போட்டோ போட ஆரம்பிச்சா. மொதல்ல வந்ததெல்லாம் ஒரே செகப்பு. "இன்னாடி, எல்லாம் சாராயம் குடிச்ச மூஞ்சியா கீது"ன்னேன். ரெண்டு நாளு எங்கிட்ட பேசல.

ரெண்டாயிரத்து எட்டு, தை மாசம். அடுத்த தெரு குணசுந்தரி வந்தா. நல்ல கறுப்பு. கடைத்தெரு ஸ்டூடியோக்காரன் அவள கோதும மாவாட்டம் வெளுக்கப் போட்டுக் குடுத்துட்டான். அந்த போட்டோவ நம்பி ரெண்டு ஊட்டுக்காரங்க வந்தாங்க. ஒரு மாமியாக்காரி காபி குடுத்தவளப் பாத்து, "நீ பொண்ணோட அக்காவாம்மா?"ன்னு கேட்டா. இன்னொரு கும்பலு பஜ்ஜியக்கூட தொடாம எழுந்து பூட்சி.

"யக்கா, என் கலர்லயே ஒரு போட்டோ போட்டுக் குடு. வர்றவன் தெரிஞ்சிகினு வரட்டும். மூணாந்தபா என்னால போயி நிக்க முடியாது"ன்னா குணசுந்தரி. சனிக்கெழம காலைல தரகர் வந்து போட்டோ வாங்கிகினு திருவள்ளூர் போவணும்.

விக்டோரியா அவள வெளிச்சத்துல நிக்கவெச்சிப் படம் புடிச்சா. அப்புறம் நூத்துக்கணக்குல குட்டிக் குட்டி கலர் கட்டம் போட்ட தாளு ஒண்ண பிரிண்ட் எடுத்தா. இந்தப் பேப்பர்ல, இந்த மையில எந்தக் கலரு எப்படி வுழுதுன்னு ஒரு மெஷினு கட்டம் கட்டமா அளக்குமாம். கேட்ட கலரு ஒண்ணு, வந்த கலரு ஒண்ணுன்னா கம்ப்யூட்டரு அத்த சரிகட்டிக்குமாம். அதுக்கு பேரு ப்ரொபைலு. மெஷினு பழைய சூப்பர்வைசர் வரதன் குடுத்தது, சனிக்கெழம திருப்பிக் குடுக்கணும்.

"இந்தத் தாளு ஒரு நாளு முழுக்க காயணும் பெரிம்மா. யாரும் தொடக்கூடாது"ன்னுட்டு கடைக்குப் போனா.

நான் மஞ்சள் இடிச்சிகினு இருந்தேன். தாலி போனவளுக்கு மஞ்சள் இன்னாத்துக்குன்னு கேக்காதீங்க, கொழம்புக்குத்தான். எழுந்து போயி, வடகம் காஞ்சிச்சான்னு பாக்கற மாதிரியே ஒவ்வொரு கட்டமா வெரல வெச்சிப் பாத்தேன். காஞ்சிதான் இருந்துச்சி. வந்துட்டேன்.

மறுநாளு விக்டோரியா ரெண்டு மணி நேரம் குனிஞ்சி அளந்தா. போட்டோ வந்துச்சி. குணசுந்தரி நீலமா கீறா!

"இன்னாக்கா இது, கோபுரத்து சாமி மாதிரி கீறேன்?"ன்னு அவ கேக்கறா, ஆனா கண்ணுல தண்ணி. விக்டோரியா அந்தக் கட்டத் தாள ஜன்னல்ல புடிச்சிப் பாத்தா, மோந்து பாத்தா.

"பெரிம்மா, இதுல மஞ்சள் வாசன வருது."

நான் இல்லன்னு சாதிச்சிருக்கலாம். அந்தப் பொண்ணு மூஞ்சப் பாத்தேன், முடியல. "நான்தான்டி தொட்டேன். காஞ்சிச்சான்னு பாத்தேன்."

"வடகமா இது? சாம்பல் கலர் கட்டம் பூரா மஞ்சளா அளந்துகீது. அத்த சரிகட்றேன்னு கம்ப்யூட்டரு நீலத்த ஊத்திட்டுது!"

அன்னிக்கே புதுத் தாளு எடுத்தா. "நாளைக்கி சாயங்காலம் வரைக்கும் உன் தங்கச்சி ஊட்ல இரு"ன்னு என்ன திருப்பாச்சூர் பஸ்ல ஏத்திவுட்டா. எனக்கு ரோசம்தான். ஆனாலும் போனேன். அங்க ஒரு வாய் சோறு எறங்கல.

வெள்ளிக்கெழம சாயங்காலம் திரும்பி வந்தா, விக்டோரியா போட்டோவ குணசுந்தரி கன்னத்துப் பக்கத்துல புடிச்சிகினு நிக்கறா. ரெண்டும் ஒரே கலரு.

"பெரிம்மா, வந்து பாரு. மொதல்ல கையக் கழுவு"ன்னா.

ஞாயித்துக்கெழம குணசுந்தரி ஊட்டுக்கு வந்த மாப்பிள்ளையோட அம்மா, தரகர் குடுத்த போட்டோவ கையிலயே எடுத்தாந்தா. நானும் அங்கதான் இருந்தேன். காபி குடுத்தவளப் பாத்தா, போட்டோவப் பாத்தா.

"போட்டோல பாத்த மாதிரியேதான் கீது பொண்ணு. இத்தப் பாத்துதான என் புள்ள போலாம்னான்"ன்னு சொல்லிட்டு, பஜ்ஜித் தட்ட கிட்ட இழுத்துகினா.

அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சி. மூணு பஜ்ஜி துன்னேன்.